வெடித்த தோட்டாவின் வெற்றுறை

பம்பாயிலிருந்து சென்னை நோக்கி வரும் ரெயில் வண்டி கோடூரைத் தாண்டியதும் குன்றுகள் நெருங்கி வரத் தொடங்கும். பாலப்பள்ளி, மாமண்டூர் என்னும் சிறு நிலையங்கள் கடந்துபோகும். செம்மரமும் மூங்கிலும் மண்டிய காட்டுக்கு மேலே சேஷாசலத்தின் செந்நிறப் பாறைகள் தென்படும். பின்னர் ரேணிகுண்டா, அங்கிருந்து சிறிது தொலைவில் திருப்பதி. மராட்டியத்திலும் குஜராத்திலும் பிழைப்பை நடத்தி, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் தமிழ் மக்களுக்கு வேங்கடமலை கண்ணில் பட்டவுடனே வீடு வந்து சேர்ந்ததுபோன்ற ஒரு நிறைவு உண்டாகும். பண்டைத் தமிழர் தம் நாட்டுக்கு வடஎல்லையாகக் கொண்ட மலையன்றோ அது!

அம்மலையைக் கைகூப்பித் தொழுவோர் பலர். அதன் அடிவாரத்திலும், அதற்கு மேற்கே சித்தூர்ச் சீமையின் குன்றுகளிலும் ஒலித்து அடங்கிய வெடியோசையை நினைப்பவர் மிகச் சிலர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அந்த ஓசைக்குப் பின் எஞ்சி நிற்கும் ஒரு சிறு பண்டம். ரைபிள் துப்பாக்கியில் தோட்டா வெடித்த பிறகு வெளியே வந்து விழும் பித்தளைக் குப்பியே அது. விரல் நீளம் உள்ள அந்த வெற்றுறையை மீண்டும் கெட்டித்துப் பயன்படுத்துவோர், எத்தனை முறை வெடித்த பின் அதன் வாயைச் சீவிக் குறைக்கவேண்டும் என்று ஒரு கேள்வி கேட்பதுண்டு. கேட்பதற்கு அற்பமான கேள்விதான். ஆயினும் அதற்கு விடை காணப் புகுந்தால் பாளையக்காரர் காலம், கும்பினி ஆட்சி, 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, ஆயுதச் சட்டம், வேட்டையின் முடிவு ஆகிய பலவற்றையும் தொட்டே செல்லவேண்டியிருக்கிறது.

முதலில், உறை என்பதே இல்லாதிருந்த காலத்தைப் பார்ப்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் சித்தூரைச் சூழ்ந்த மலைப்பகுதி பாளையக்காரர் கையில் இருந்தது. பங்காரு பாளையம், புங்கனூர், கல்லூர், புலிசெர்லா முதலிய பாளையங்கள் அவற்றுட் சில. இவர்களுடைய காவற்காரர் ஏந்திய படைக்கலம் திரித்துப்பாக்கி. குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டுவர்; குண்டை உள்ளே இடுவர்; கஜக்கோலால் இடித்துக் கெட்டிப்பர்; பக்கத்துத் துளையருகே சிறிது மருந்தைத் தூவுவர்; எரியும் திரியை அதன்மேல் விழச்செய்வர். வெடித்தபின் எஞ்சுவது புகையும் கரியும் மட்டுமே. மீண்டும் பயன்படுத்தத்தக்க பொருள் ஏதும் இல்லை; ஆகவே அளந்து பார்க்கவேண்டியதும் ஏதும் இல்லை. மருந்து கூடினாலும் குறைந்தாலும் அது கெட்டித்தவன் கைப்பழக்கத்தைப் பொறுத்தது.

அக்காலப் போர்களில் வெற்றியையும் தோல்வியையும் மருந்தின் காப்பே முடிவு செய்தது என்பதற்குச் சான்று அண்மையிலேயே உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலியின் படை வளைத்துக்கொண்டது. ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அத்துடன் அப்படையின் நிலையும் குலைந்தது. பெய்லி சிறைப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1782 டிசம்பர் 7 அன்று, அதே ஹைதர் அலி சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் நோயால் உயிர்நீத்தார். மைசூரின் வாணங்களைப் பற்றியும் பீரங்கிகளைப் பற்றியும் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் மருந்தும் குண்டும் தனித்தனியே கிடந்த காலத்தில், தீப்பொறி ஒன்று எத்தனை பேருக்கு எமனாகும் என்பதையே பொள்ளிலூர் நமக்கு முதலில் கற்பிக்கிறது.

1801 ஆம் ஆண்டில் கர்நாடக நவாபின் நாடு கும்பினியார் வசமாயிற்று. சித்தூர்ப் பாளையங்களும் அதனுடன் சேர்ந்து சென்றன. புதிய ஆட்சி காவல் உரிமையையும் படையையும் பாளையக்காரரிடம் விட்டுவைக்க விரும்பவில்லை. 1804 ஆம் ஆண்டில் பாளையக்காரருட் சிலர் கிளர்ந்தெழுந்தனர். கும்பினிப் படை மலைகளுக்குள் புகுந்து அக்கிளர்ச்சியை அடக்கியது. திருநெல்வேலிச் சீமையில் கட்டபொம்மனும் ஊமைத்துரையும் தூக்கு மேடை ஏறிய கதையைத் தமிழர் யாவரும் அறிவர். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் அதே நாடகம் வடஎல்லையிலும் நடந்தது என்பதை அறிந்தவர் குறைவு. துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதை இனி அரசே முடிவு செய்யும் என்ற கொள்கை இந்த மலைகளில் அப்போதே வேரூன்றிவிட்டது.

கும்பினிச் சிப்பாயின் கையில் இருந்தது பாளையக்காரனின் துப்பாக்கியினின்றும் ஒரு படி மேம்பட்டது. மருந்தையும் குண்டையும் அளவாகச் சேர்த்துக் காகிதத்தில் சுருட்டிய தோட்டா அவனுக்குக் கிடைத்தது. காகிதத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, எஞ்சியதைக் குண்டுடன் சேர்த்து இடிப்பான். அளவு என்பது சிப்பாயின் கையைவிட்டுத் தோட்டாவைச் சுருட்டியவன் கைக்கு மாறியது. இந்த மாற்றம் சிறிதன்று. தான் கெட்டிப்பது இன்னதென்று அறியாமலே கெட்டிக்கும் நிலை அதனுடன் தோன்றியது.

அந்த அறியாமைதான் 1857 இல் தீயாக மூண்டது. புதிய என்பீல்டு ரைபிளுக்கு வந்த காகிதத் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டிருக்கின்றன என்ற செய்தி வங்காளப் படையில் பரவியது. அத்தோட்டாவைப் பல்லால் கடிக்கவேண்டும் என்பதை நினைவிற்கொண்டால், இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே கொதித்தெழுந்த காரணம் விளங்கும். 1857 ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப் படையினர் 85 பேர் தோட்டாவைக் கையால் தொட மறுத்தனர். மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. ஒரு தோட்டாவின் உறைக்குள்ளும் அதன் மேலும் என்ன இருக்கிறது என்ற கேள்வி ஒரு பேரரசையே ஆட்டிவைத்தது.

கிளர்ச்சி அடங்கிய பின்னர் ஆட்சியாளர் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டனர். ஒன்று, பீரங்கிகளைப் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே வைத்துக்கொள்வது. மற்றொன்று, இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயைவிட ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியைக் கொடுப்பது. வெள்ளையருக்குப் புதிய மார்ட்டினி ஹென்றி வந்தபோது, இந்தியருக்குப் பழைய ஸ்னைடர் கிடைத்தது. வெள்ளையருக்கு லீ மெட்போர்டு வந்த பின்னரே இந்தியருக்கு மார்ட்டினி கிடைத்தது.

இந்தப் புதிய துப்பாக்கிகளுடனேதான் நம் கதையின் தலைவனாகிய உலோக உறை வந்து சேர்ந்தது. 1860 களில் ஸ்னைடருக்கென்று உல்லிச் ஆயுதசாலையைச் சேர்ந்த பாக்ஸர் என்பார் வகுத்த தோட்டாவின் உடல், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. மார்ட்டினித் தோட்டாவும் அவ்வாறே செய்யப்பட்டது. 1884-85 ஆம் ஆண்டுச் சூடான் போரில் இந்தச் சுருட்டுத் தகட்டு உறைகள் வெப்பத்தாலும் மணலாலும் துப்பாக்கியின் அறைக்குள் ஒட்டிக்கொண்டன. இழுத்தால் அடிப்பாகம் மட்டும் கழன்று வந்தது. எதிரி எதிரே நிற்கும்போது வெறுந்துப்பாக்கியுடன் நின்ற வீரர் பலர். அதன் பின்னரே ஒரே பித்தளைக் கட்டியை அச்சில் அழுத்தி இழுத்துச் செய்யும் முழுவார்ப்புப் போன்ற உறை நிலைபெற்றது. 1888 ஆம் ஆண்டையொட்டி .303 தோட்டா பிறந்தபோது அத்தகைய உறையே அதற்கு அமைந்தது.

பித்தளையை ஏன் தேர்ந்தெடுத்தனர்? செம்பு 70 பங்கும் துத்தநாகம் 30 பங்கும் கலந்த பித்தளைக்கு ஓர் அருங்குணம் உண்டு. வெடிக்கும் கணத்தில் அது விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அனல் வாயு பின்புறம் கசியாமல் அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகும். எளிதில் வெளியே வரும். அடைக்கவும் வேண்டும், விலகவும் வேண்டும் என்ற இரு பணிகளையும் ஒன்றாகச் செய்யும் உலோகம் வேறு அரிது. இந்தியாவில் இத்தகைய தோட்டாக்கள் கல்கத்தாவை அடுத்த டம்டத்திலும், 1869 இல் பூனாவை அடுத்த கிர்க்கியில் நிறுவிய தொழிற்சாலையிலும் செய்யப்பட்டன. இன்று கட்கி என வழங்கும் அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. இதைப் படிக்கும் அன்பர்களுள் சிலருக்கு அத்தொழிற்சாலையின் சங்கொலி பழகிய ஓசையாகவே இருக்கும்.

காகிதம் எரிந்துபோயிற்று, பித்தளை எரியவில்லை. இங்கேதான் புதிய கதை தொடங்குகிறது. வெடித்த உறை முழுமையாக மீள்கிறது. அடியில் இருக்கும் கேப்பை மாற்றி, மருந்தை அளந்து இட்டு, வாயில் ஒரு குண்டைப் பொருத்தினால் மீண்டும் தோட்டா ஆகிறது. வறியவனுக்கு இது சிக்கனம், வேட்டைக்காரனுக்கு வசதி, ஆட்சியாளனுக்கோ அச்சம். பட்டாளம் சுட்டுப் பழகிய களத்தில் கிடக்கும் உறைகள் வடமேற்கு எல்லைப்புற மக்களின் கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அன்றைய அதிகாரிகளின் ஓயாக் கவலை.

அக்கவலை சட்டங்களில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்துக்கொள்ள உரிமம் பெறவேண்டும் என்று விதித்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1907 ஆம் ஆண்டில் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். .450 அளவுள்ள வேட்டை ரைபிள்களை இந்தியாவுக்குக் கொண்டுவருதல் தடுக்கப்பட்டது. அவ்வேட்டைத் தோட்டாவிலிருந்து கழற்றிய குண்டு பழைய மார்ட்டினியின் உறையில் பொருந்தும் என்பதே காரணம். இதனால் இங்கிலாந்திலிருந்த துப்பாக்கி வினைஞர்கள் .465, .470, .475 என்று புதிய அளவுகளை வகுத்தனர். யானையையும் புலியையும் சுடுவதற்கென்று உலகெங்கும் பெயர்பெற்ற அத்துப்பாக்கிகள், உண்மையில் வெற்றுறையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியதன் குழந்தைகளே.

காவலர் கையில் கொடுத்த துப்பாக்கியிலும் இதே எச்சரிக்கையைக் காணலாம். .303 ரைபிளின் குழலை அகலமாகக் குடைந்து, .303 உறையின் கழுத்தை நேராக்கி, .410 மஸ்கட் என்னும் ஒற்றை வெடித் துப்பாக்கியை இஷாப்பூரில் செய்தனர். அதைத் திருடிச் சென்றவனுக்குப் பட்டாளத்துத் தோட்டா பயன்படாது. அதன் தோட்டாவைத் திருடியவனுக்குப் பட்டாளத்துத் துப்பாக்கி பயன்படாது. இந்தியாவின் பல மாகாணங்களில் போலீசார் தோளில் தாங்கிய துப்பாக்கி அது.

அரசு அஞ்சிய ஆபத்து ஒருபுறம் இருக்க, உறைக்குள்ளேயே ஓர் ஆபத்து உறைந்திருந்தது. நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது வருவோம்.

.303 தோட்டா வெடிக்கும்போது உறைக்குள் சதுர அங்குலம் ஒன்றுக்கு 20 டன்னுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுகிறது. உறையின் முன்பாகத்துச் சுவர் அறைச்சுவரோடு ஒட்டி நின்றுவிடும். கனத்த அடிப்பாகமோ பின்னோக்கித் தள்ளப்படும். ஒரு முனை நிற்க, மறுமுனை இழுபட, இடையில் உள்ள பித்தளை நீளும். மேலும், விரிந்துபோன உறையை மீண்டும் பழைய உருவுக்குக் கொண்டுவர, அதை ஓர் இரும்பு அச்சுக்குள் அழுத்துவர். சப்பாத்தி மாவைப் பக்கவாட்டில் அழுத்தினால் அது நீள்வதுபோல, அழுத்துண்ட பித்தளை வாய்ப்புறம் நோக்கி நகரும். ஆகவே உறை ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வளர்கிறது.

வளர்ந்தால் என்ன தீங்கு? .303 உறையின் உச்ச நீளம் 2.222 அங்குலம், அதாவது 56.44 மில்லிமீட்டர். அறையின் முகப்பு அந்த அளவுக்கே இடம் விட்டுக் குடையப்பட்டிருக்கிறது. உறை அதற்கு மேல் நீண்டால் அதன் வாய் குழலின் ஒடுங்கிய பகுதிக்குள் நுழைந்துவிடும். குண்டைச் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெடிக்கும் கணத்தில் விரிந்து குண்டை விடவேண்டிய வாய், விரிய இடமின்றி நெரிபடும். குண்டு தடைபடும்; அழுத்தம் வரம்பு கடந்து ஏறும். அடைப்புக்கு அஞ்சி அமைத்த உறையே அடைப்பாக மாறிவிடுகிறது. துப்பாக்கி பிளந்தால் முதலில் அடிபடுவது சுடுபவனின் முகமும் கையுமே.

ஆகவேதான் உறையின் வாயைச் சீவுகிறார்கள். பொதுவாக உச்ச அளவைவிட 0.010 அங்குலம் குறைத்து, .303 க்கு 2.212 அங்குலமாக நிறுத்துவது வழக்கம். அந்த இடைவெளி ஏறக்குறைய ஓர் அஞ்சலட்டையின் கனமே இருக்கும். சீவிய பின் வாயின் உட்புறமும் வெளிப்புறமும் தோன்றும் பிசிரை நீக்கவேண்டும். நீக்காவிட்டால் அது குண்டின் மேலுறையைச் சுரண்டும்.

எத்தனை முறைக்கு ஒருதரம் சீவுவது? மூன்று முறைக்கு ஒருதரம் என்பார் சிலர். ஐந்து என்பார் சிலர். ஒவ்வொரு முறையும் என்பார் வேறு சிலர். இவற்றுள் எதையும் பொதுவிதியாகக் கொள்ளுதல் பொருந்தாது. அழுத்தம் மிகுந்த தோட்டா விரைவில் நீளும்; மென்மையான தோட்டா மெல்ல நீளும். கழுத்துள்ள உறை மிகுதியாக வளரும். நேரான உறை குறைவாக வளரும். அகன்ற அறையில் வெடித்த உறை ஒருவாறும், இறுகிய அறையில் வெடித்த உறை வேறொருவாறும் நடந்துகொள்ளும். உறை முழுவதையும் அச்சில் அழுத்துபவனுடைய பித்தளை, கழுத்தை மட்டும் அழுத்துபவனுடையதைவிட அதிகம் நகரும். ஆகையால் அனுபவசாலிகள் சொல்லும் விடை ஒன்றே: எண்ணாதே, அள. அச்சில் அழுத்திச் சீர்செய்த பின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றையும் அளந்து பார். உச்ச அளவைத் தொட்டால் சீவு, தொடாவிட்டால் விடு.

இதனினும் ஆழ்ந்த உண்மை ஒன்று உண்டு. வாய்ப்புறத்தில் நாம் சீவி எறியும் பித்தளை புதிதாக முளைத்ததன்று. உறையின் உடலிலிருந்தே அது வந்தது. நீளம் கூடியது என்றால் எங்கோ பருமன் குறைந்தது என்பது பொருள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்ள சுவரே பெரும்பாலும் மெலியும் இடம். .303 ரைபிளில் இது மிகுதி. சேற்றிலும் மணலிலும் தடையின்றி இயங்கவேண்டும் என்பதற்காக அதன் அறையைத் தாராளமாகவே குடைந்திருந்தனர். அதன் தாழ்ப்பாளும் பின்புறத்திலேயே பூட்டிக்கொள்வதால் சிறிது நெகிழ்ந்து கொடுக்கும். நான்கைந்து முறை சீவப்பட்ட உறை, நீளத்தில் புதியதுபோலவே தோன்றும். உள்ளே வளையமாகத் தேய்ந்து அற்றுப்போகும் நிலையில் இருக்கும். வெளியே அடியை ஒட்டி ஒளிரும் ஒரு மெல்லிய வளையம் தெரிந்தாலோ, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ, அந்த உறையின் ஆயுள் முடிந்தது என்று அறியவேண்டும். சீவுதல் நோயின் குறியை மாற்றும், நோயை மாற்றாது. எத்தனை முறை சீவலாம் என்று கேட்பவன், எப்போது எறியவேண்டும் என்பதையும் உடன் கேட்கவேண்டும்.

சூடானில் சுருட்டுத் தகட்டு உறையின் அடி கழன்று வீரனைக் கைவிட்டதே, அதே விபத்து முழுப்பித்தளை உறையிலும் அளக்காமல் பயன்படுத்துபவனுக்கு நேர்கிறது என்பதை இங்கே நினைவிற்கொள்ளலாம். பட்டாளங்கள் பொதுவாக வெடித்த உறையை மீண்டும் கெட்டிக்காமல் உருக்குவதற்கே அனுப்பின என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மகாயுத்தங்களுக்குப் பின் மலிவாக விற்கப்பட்ட .303 ரைபிள்களை வாங்கிய அமெரிக்கரும் கனடியரும் ஆஸ்திரேலியரும் தாமே உறைகளைக் கெட்டிக்கத் தொடங்கியபோது இந்தப் பாடத்தைப் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது.

ஒரு தோட்டா ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதை நம் சித்தூர்க் காடுகளை வைத்தே சிந்திக்கலாம். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் என்னும் வேட்டைக்காரர் 1954 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் முதல் நூலில், சாமலா பள்ளத்தாக்கில் மனிதரைக் கொன்று தின்ற புலி ஒன்றின் கதையைக் கூறுகிறார். பாகராப்பேட்டை, ரங்கம்பேட்டை, மாமண்டூர் முதலிய ஊர்ப் பெயர்கள் அவர் எழுத்தில் அடிக்கடி வருபவை. மூங்கில் வெட்டுவோரும் மாடு மேய்ப்போரும் நடந்த வழிகள் அவை. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் என்னும் அமெரிக்க ரைபிள். 1904 இல் வெளிவந்த அத்தோட்டாவின் உறை 2.583 அங்குல நீளமுள்ளது. கழுத்தின்றி நேராகச் சரியும் வடிவினது. 1907 ஆம் ஆண்டுத் தடையில் அது அகப்படவில்லை.

இருட்டில் மரத்தின்மேலோ பாறையருகிலோ அமர்ந்து மனித உயிருக்குப் பழகிய விலங்கை எதிர்நோக்குபவனுக்கு ஒரு வெடியே கிடைக்கும். சில வேளை இரண்டு. உறை அறைக்குள் முழுதும் செல்லாமல் நின்றாலும், வெடித்தபின் வெளிவராமல் ஒட்டினாலும், மறுகணம் அவனுடையதன்று. அவனுக்கு மட்டுமா? காயம்பட்ட புலி தப்பினால், மறுநாள் விறகுக்குச் செல்லும் கிராமத்துப் பெண்ணுக்கும் அதுவே கேடு. பித்தளையில் ஒரு மயிரிழை என்பது இந்தக் காட்டில் அத்தனை பொருள் உடையதாயிருந்தது. நல்ல வேட்டைக்காரர் காட்டுக்குப் புறப்படுமுன் தாம் கொண்டுசெல்லும் ஒவ்வொரு தோட்டாவையும் துப்பாக்கியில் இட்டுப் பார்த்துக்கொள்வது வெறும் சடங்கன்று.

அக்காலம் முடிந்துவிட்டது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சேஷாசலக் காட்டின் ஒரு பகுதி 1985 இல் சரணாலயமாகவும் 1989 இல் ஸ்ரீ வேங்கடேசுவர தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 2010 இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைவழியில் ஒரு சிறுமி சிறுத்தைக்கு இரையான துயரச் செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது ரைபிள் ஏந்திய வேட்டைக்காரரை யாரும் அழைக்கவில்லை. வனத்துறையினர் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தனர். தேவஸ்தானத்தார் நடந்து செல்லும் அடியார்களுக்குக் கைத்தடி கொடுத்தனர். ஆண்டர்சன் காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே உள்ள தொலைவு இதனால் விளங்கும்.

துப்பாக்கிச் சட்டமும் மாறியது. 1878 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது; 1962 அக்டோபர் முதல் நாளன்று நடைமுறையாயிற்று. நிறத்தைப் பார்த்து உரிமை வழங்கும் இழிவு அதில் இல்லை. ஆனால் வெற்றுறையைப் பற்றிய எச்சரிக்கை குறையவில்லை. தோட்டாவின் பகுதிகளையும் அதைச் செய்யும் பொறிகளையும் அச்சட்டம் தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. உரிமமின்றித் தோட்டா செய்வதைக் குற்றமாக்குகிறது. ஆகவே பிறநாடுகளில் பொழுதுபோக்காக நடைபெறும் உறை கெட்டிக்கும் வேலையை நம் நாட்டில் எவரும் தம் மனம்போல் வீட்டில் செய்துவிட முடியாது. வெளிநாடு சென்று வரும் அன்பர்கள் நினைவுப் பொருளாகக்கூட வெடித்த உறையைப் பெட்டியில் வைத்துக்கொள்ளாதிருத்தல் நலம். விமான நிலையத்தில் அது வெறும் பித்தளையாகக் கருதப்படாது.

அதே சட்டத்தில் வியப்பான ஓர் இடம் உண்டு. பயிரைக் காத்துக்கொள்ள விரும்பும் உழவனுக்கு, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்று அது கூறுகிறது. சித்தூர்ச் சீமையில் வேர்க்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் உழுது பாழாக்குவதைக் கண்டவர்களுக்கு அதன் தேவை தெரியும். பாளையக்காரர் காவற்காரன் கையாண்ட முறையையே சட்டம் உழவனுக்கு விட்டுவைத்திருக்கிறது. உறையில்லாத துப்பாக்கிக்கு உறையைப் பற்றிய அச்சமும் இல்லை!

கல்லூரி மாணவர் படையில் பயின்ற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். சுட்டுப் பழகும் நாளில் குறி தவறியதற்குக்கூட அத்தனை கண்டிப்பு இராது. ஆனால் சுட்ட தோட்டா எத்தனையோ அத்தனை வெற்றுறையையும் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைத்த பின்னரே களத்தை விட்டு வரலாம். புல்லுக்குள் ஒன்று மறைந்துவிட்டால் வரிசையாக நின்று தேடவேண்டும். அது ஏதோ வீண் கண்டிப்பு என்று அந்த வயதில் தோன்றும். 1857 ஐயும் 1907 ஐயும் அறிந்தவர்களுக்கு அவ்வாறு தோன்றாது. அந்தச் சிறு பித்தளைக்குப் பின்னே நிற்கும் நெடிய வரலாறு அவர்களுக்குத் தெரியும்.

அரசு வெற்றுறையை எண்ணுகிறது. துப்பாக்கி வல்லான் அதை அளக்கிறான். இருவரும் ஒரே உண்மையை உணர்ந்தவர்களே. பயன்பட்டு முடிந்தது என்று நாம் தூக்கி எறியும் பொருள் உண்மையில் முடிந்துபோவதில்லை. நம் கண்ணுக்குத் தெரியாதபடி அது மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்றுச் சரியாக இருந்தது என்பதால் இன்றும் சரியாக இருக்கும் என்று கொள்ளுதல் கூடாது. ஐந்து முறை தாங்கியது ஆறாம் முறையும் தாங்கும் என்பதற்கு எந்த உறையும் பத்திரம் எழுதிக் கொடுப்பதில்லை.

அடுத்த முறை நீங்கள் ஊர் திரும்புகையில் மாமண்டூரைக் கடக்கும்போது சாளரத்தின் வழியே பாருங்கள். காடு அமைதியாக இருக்கும். திரித்துப்பாக்கியின் புகையும், காகிதத் தோட்டாவின் கனலும், வேட்டை ரைபிளின் முழக்கமும் அங்கே அடங்கிவிட்டன. எங்கேனும் ஒரு பாறையிடுக்கில், பச்சைக் களிம்பு ஏறிய ஒரு பித்தளை உறை மண்ணுக்குள் கிடக்கவும் கூடும். அதை மீண்டும் கெட்டிப்பார் இல்லை, அளப்பாரும் இல்லை. இந்த மலைக்கு அதுவே நல்லது.